தோலின் அமிலமும் சோப்பின் காரமும்

கொருக்குப்பேட்டை மருந்துக் கடைகளிலும் இப்போது ‘பிஎச் 5.5’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பாட்டில்கள் வந்துவிட்டன. பக்கத்து மளிகைக் கடைச் சோப்பைவிடப் பல மடங்கு விலை. அந்த எண் எதைச் சொல்கிறது? அதற்கு அந்த விலை தகுமா? கூட்ஸ் யார்டிலும் டேங்கர் லாரியிலும் காசிமேட்டு மீன் தொட்டியிலும் உழைக்கும் தோலுக்கு அது தேவைதானா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். தோலின் மேல் எதைப் பூசுகிறீர்கள் என்பதைவிட, தோலை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்பதே முக்கியம். கையில் இருக்கும் காசு குறைவென்றால் முதலில் சோப்பைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கிரீமைப் பிறகு பார்க்கலாம். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிஎச் என்றால்

டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். பீர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க் கோபன்ஹேகனில் நடத்திய ஆய்வுக்கூடத்தில்தான் அவர் வேலை பார்த்தார். அளவுகோல் 0-இல் தொடங்கி 14 வரை போகும். 7 நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். மேலே ஏற ஏறக் காரம் கூடும். நமக்குப் பழகிய பொருள்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்:

- எலுமிச்சைச் சாறு: 2 முதல் 2.5
- தயிர்: 4.5-ஐ ஒட்டி
- வளர்ந்தவரின் தோல் மேற்பரப்பு: பெரும்பாலும் 4.5 முதல் 5.5
- குடிநீர்: இந்தியத் தரப்படி 6.5 முதல் 8.5
- ரத்தம்: 7.4
- கடல் நீர்: 8-க்குச் சற்று மேல்
- சமையல் சோடா கரைசல்: 8.3-ஐ ஒட்டி
- சாதாரணக் குளியல் சோப்பு நுரை: 9 முதல் 10.5
- துணி துவைக்கும் பவுடர் கரைத்த தண்ணீர்: 10 முதல் 11
- ஈரச் சிமெண்ட், சுண்ணாம்பு: 12-க்கு மேல்

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு மாற்றம். 5.5-இல் இருக்கும் தோலின் மேல் 9.5 உள்ள நுரை படும்போது வித்தியாசம் நான்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு.

தோலுக்கு அமிலம் எதற்கு?

உடம்பின் பெரும்பகுதியில் தோலின் கடைசி வெளி அடுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு கனம்தான், தலைமுடியைவிட மெல்லியது. இறந்த செல்கள் செங்கல்லாகவும் அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் அது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

அதன் மேல் மெல்லிய அமிலப் படலம் ஒன்று இருக்கிறது. 1928-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்கியோனினி இருவரும் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்தார்கள். இது வெளியிலிருந்து பூசிக்கொள்வதல்ல. வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம், எண்ணெய்ச் சுரப்பு உடைந்து வரும் கொழுப்பு அமிலங்கள், தோலின் புரதம் சிதைந்து உண்டாகும் அமிலங்கள் ஆகியவற்றைக் கொண்டு தோலே தயாரித்துக்கொள்கிறது. இதற்கு மூன்று வேலைகள்.

முதல் வேலை, சாந்து தயாரிப்பது. செல்களுக்கு நடுவே உள்ள கொழுப்பைச் செய்யும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக இயங்கும். பிஎச் ஏறினால் சாந்து குறையும், ஈரம் கசியும், தோல் வறண்டு செதில் எழும்.

இரண்டாவது, உதிர்வைக் கட்டுப்படுத்துவது. பழைய செல்களை வெட்டி உதிர்க்கும் நொதிகள் வேறு வகை. அவை காரத்தை நோக்கிப் போகப் போக வேகம் பிடிக்கும். உதிர வேண்டிய காலத்துக்கு முன்பே செல்கள் கழன்று, சுவர் பலவீனமாகும். அரிப்பும் எரிச்சலும் இங்கேதான் தொடங்குகின்றன.

மூன்றாவது, கிருமிகளுக்குள் ஒழுங்கு வைப்பது. நம் தோலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அமிலத்துக்குப் பழகியவை. சீழ்க் கொப்புளத்துக்குக் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை நடுநிலையை ஒட்டிய தோலில் எளிதாகப் பெருகும். அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் இயல்பாகவே பிஎச் சற்று உயர்ந்திருக்கும், ஈரமும் தங்கும். சேற்றுப்புண்ணும் நாற்றமும் அங்கே முதலில் வருவது இதனால்தான்.

நம் பகுதியில் அது எப்படிக் கெடுகிறது?

ஆரோக்கியமான தோல் ஒருமுறை சோப்புப் போட்ட பிறகு சில மணி நேரத்தில் தன் அமிலத்தை மீட்டுக்கொள்ளும். வெறும் தண்ணீர்கூடக் கொஞ்ச நேரம் பிஎச்சை உயர்த்தும். ஒரு நாளில் எத்தனை முறை காரம் படுகிறது, மீள்வதற்கு நேரம் கிடைக்கிறதா என்பதே கேள்வி. ரயில் பாதை, எண்ணெய்க் கிடங்கு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றுக்கு நடுவே வாழும் நமக்கு அந்த நேரம் குறைவாகவே கிடைக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கடலோர நிலத்தடி நீர் உப்பும் கடினமும் கொண்டது. அடிபம்புத் தண்ணீரிலும் போர்த் தண்ணீரிலும் சோப்பு சரியாக நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகும். பக்கெட்டின் விளிம்பில் ஒட்டும் அதே கசடு உங்கள் முதுகிலும் ஒட்டுகிறது. நுரை வரவில்லை என்று மேலும் மேலும் சோப்புப் போடுகிறோம், காரமும் கூடுகிறது. மெட்ரோ வாட்டர் வரும் நாளில் அதைக் குளியலின் கடைசிக் குவளைகளுக்காவது ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது தொழில். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஈரச் சிமெண்ட். அதன் காரம் தோலைச் சுடும். அதிலுள்ள குரோமியம் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். மெக்கானிக்கும் டேங்கர் கிளீனரும் கிரீஸ் போக டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கையைக் கழுவிவிட்டு, அதன் மேல் துணி பவுடரையும் போட்டுத் தேய்க்கிறார்கள். முதலாவது சாந்தைக் கரைக்கும்; இரண்டாவது மிச்சத்தைக் காரமாக்கும். மீன் வெட்டும் பெண்களின் கை ஐஸ், உப்பு நீர், மீன் சாறு என்று மணிக்கணக்கில் ஊறுகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நாலு வீட்டுப் பாத்திரச் சோப்பும் நாலு வீட்டு பிளீச்சிங் பவுடரும் ஒரே கையில் வாங்குகிறார்கள்.

2023 டிசம்பர் இந்தப் பகுதிக்கு இரண்டு பாடங்களைத் தந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் குவளையாலும் கையாலும் அதை அள்ளினார்கள். தோல் அரிப்பும் எரிச்சலும் வந்தன. எண்ணெய்க்குப் பிஎச் கிடையாது. அது தோலின் கொழுப்பைக் கரைத்துக் கெடுப்பது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அம்மோனியா காரமான வாயு. கண்ணின் ஈரத்திலும் வியர்த்த தோலிலும் கரைந்து அங்கேயே காரமாகிவிடும். அப்படி ஒரு நேரத்தில் முதலில் அந்த இடத்தைவிட்டு விலகி, உடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதற்கு எந்த மருந்துக்காகவும் காத்திருக்கக் கூடாது.

சோப்பு உறையைப் படிக்கும் முறை

எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சோப்பும் காரமாகத்தான் இருக்கும். மூலிகை, சந்தனம், ஆட்டுப்பால், கையால் செய்தது என்று எதைச் சேர்த்தாலும் இது மாறாது. அதன் பிஎச்சை 5.5-க்கு இறக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்; நுரைக்காது. ஆகவே அசல் சோப்பு 5.5-இல் இருக்க வழியே இல்லை.

இதற்கு மாற்றாக வந்தது சின்டெட் எனப்படும் கட்டி. பார்க்கச் சோப்புப் போலவே இருக்கும், ஆனால் அழுக்கு நீக்கும் பொருள் வேறு. அதன் பிஎச்சை 5.5-க்கும் 7-க்கும் இடையே வைக்க முடியும். உறையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அசல் சோப்பு. சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட் முதலில் வந்தால் சின்டெட் வகை.

உறையில் இன்னொரு எண்ணும் இருக்கும்: டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள். இந்தியத் தர நிர்ணயத்தில் டாய்லெட் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பாத்திங் பார்’ என்று போட்டிருந்தால் 40 சதவீதம் இருந்தாலே போதும். கடையில் “அண்ணாச்சி, இது டாய்லெட் சோப்பா, பாத்திங் பாரா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டாலும் உறை சொல்லிவிடும். சின்டெட் கட்டிகளும் பாத்திங் பார் என்ற பெயரிலேயே விற்கப்படுவதுண்டு. அதனால் பெயரையும் பொருள் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். டிஎஃப்எம் கூடினால் தரம் கூடும், நிரப்புப் பொருள் குறையும். ஆனால் பிஎச் குறையாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

தோல் நோய்க்கென்று ஒரு சோப்பு நமக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. பெரம்பூரில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், ரயில்வே தொழிலாளர்களுக்கு வந்த தோல் தொல்லைகளைப் பார்த்து மூலிகை எண்ணெயில் சோப்புச் செய்தார். 1969-இல் அது மெடிமிக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைக்கும் தோலைக் கவனித்துச் செய்த சோப்பு என்பது அதன் பெருமை. ஆனால் அதுவும் அசல் சோப்புக் குடும்பம்தான். வறண்ட, வெடித்த தோலுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிஎச் எண் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2021 ஜனவரியில் செபாமெட் நிறுவனம் பிரபலமான சோப்புகளின் பிஎச்சைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு விளம்பரம் செய்தது. குளியல் சோப்பைத் துணி சோப்பான ரின்னோடும் ஒப்பிட்டது. இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிஎச் ஒப்பீட்டைத் தொடரலாம், துணி சோப்போடு ஒப்பிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. நுகர்வோருக்கு இதில் இரண்டு செய்தி. எண் உண்மையானது, ஆனால் எண் மட்டுமே முழு உண்மை அல்ல. பிஎச் 5.5-இல் இருக்கும் திரவத்திலும் சோடியம் லாரில் சல்பேட் அதிகமாக இருந்தால் தோல் காய்ந்து எரியும். துணி சோப்பும் குளியல் சோப்பும் ஒரே பிஎச்சில் இருந்தாலும் தோலுக்கு ஒரே கெடுதியைச் செய்வதில்லை.

மஞ்சள் சோதனை

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அது பிஎச் சோதனைதான். மஞ்சள், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருக்கும். 8-ஐத் தாண்டும்போது செம்பழுப்பாக மாறும். இதை வைத்தே வீட்டில் சோப்பைச் சோதிக்கலாம்.

1. அரை ஸ்பூன் மஞ்சள் தூளை இரண்டு ஸ்பூன் சானிடைசரிலோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ கலக்குங்கள். அடுப்புப் பக்கத்தில் செய்ய வேண்டாம்.
2. வெள்ளை டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்து, நிழலில் காய வைத்துத் துண்டு துண்டாக வெட்டுங்கள்.
3. சோப்பைக் கொஞ்சம் சீவி, அதைப் போலப் பத்துப் பங்கு தண்ணீரில் கரையுங்கள்.
4. ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சுண்ணாம்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சோப்புக் கரைசல் என்று ஒவ்வொரு சொட்டு விடுங்கள்.
5. சோப்புத் துண்டு சுண்ணாம்புத் துண்டின் பக்கம் சிவந்தால் அது காரமான அசல் சோப்பு. எலுமிச்சைத் துண்டைப் போல மஞ்சளாகவே நின்றால் நடுநிலையிலோ அதற்குக் கீழோ இருக்கிறது.

நடுநிலையா, 5.5-ஆ என்று மஞ்சள் பிரித்துச் சொல்லாது. அதற்குப் பிஎச் காகிதம் வேண்டும். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். திரவ ஃபேஸ் வாஷ், ஷாம்பு ஆகியவற்றைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து சோதியுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டிலும் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத பொருளுக்குப் பிஎச் இல்லை. ‘பிஎச் சமநிலை கொண்ட எண்ணெய்’ என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

குளியலும் கை கழுவலும்

வெயிலிலும் புழுக்கத்திலும் இரண்டு வேளை குளிக்காமல் முடியாது. இரண்டு வேளையும் உடம்பு முழுவதும் சோப்புப் போட வேண்டியதில்லை. வேலை முடிந்து வரும் வேளையில் ஒருமுறை முழுக்கப் போடுங்கள். மற்ற வேளையில் அக்குள், தொடை இடுக்கு, பாதம் மட்டும் போதும். மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும். பீர்க்கங்காய் நாரால் தினமும் அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிடுங்கள்.

குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ கிளிசரின் கலந்த மாய்ஸ்சரைசரோ வாசலினோ மெல்லியதாகப் பூசுங்கள். விரல் இடுக்கையும் தொடை இடுக்கையும் மட்டும் எதுவும் பூசாமல் நன்றாகக் காய விடுங்கள்.

கையில் கிரீஸ் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பழைய துணியால் துடையுங்கள். கிரீஸின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். பிறகு சோப்பு. மீன் வேலைக்கும் பாத்திர வேலைக்கும் ரப்பர் கையுறை போடுவதென்றால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை வேண்டும். இல்லாவிட்டால் வியர்வையில் கை ஊறிவிடும். சிமெண்ட் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையையோ வினிகரையோ ஊற்றுவது ஆபத்து.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சாப்பிடுவதற்கு முன்பும் கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும், அது காரமான சோப்பானாலும் சரி. வயிற்றுப்போக்கைவிட வறண்ட கை மேல். கழுவிய பின் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் போதும்.

கிரீம், சீரம், டோனர்

அன்றாட மாய்ஸ்சரைசர் 4.5-க்கும் 6-க்கும் இடையே இருந்தால் நல்லது. லேபிளில் எண் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், வாசலின் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருந்து, வாசனை குறைவாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

சீரம் விஷயத்தில் பிஎச் வேறு மாதிரி வேலை செய்கிறது. கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்றவை 3-க்கும் 4-க்கும் இடையே இருந்தால்தான் நன்றாகப் பலன் தரும். அஸ்கார்பிக் அமிலமாகவே இருக்கும் வைட்டமின் சி 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். அதாவது இவை தோலைவிட அமிலமானவை. வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை. எனவே இரண்டு மூன்றை ஒரே இரவில் பூசக் கூடாது. கிளைகாலிக் போன்ற அமிலம் பூசும் நாட்களில் வெயிலில் போகுமுன் சன்ஸ்கிரீன் அவசியம். வெயிலில் நின்று வேலை செய்பவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. எரிச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். எரிச்சல், தோல் வேண்டாம் என்று சொல்வது.

டோனர், காரச் சோப்பு போட்ட முகத்தைச் சமன்படுத்தவென்று பிரபலமானது. மென்மையான ஃபேஸ் வாஷ் பயன்படுத்துகிறவருக்கு அது வீண் செலவு. எந்தப் புதுப் பொருளையும் ஒரு வாரம் முன்கையின் உட்பக்கத்தில் மட்டும் காலையும் மாலையும் பூசிப் பாருங்கள். சிவக்காவிட்டால் முகத்துக்கு எடுத்துப் போகலாம்.

அடுக்களை மருந்துகள்

- எலுமிச்சை: வேண்டாம். தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அமிலம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரும்.
- சமையல் சோடா: அக்குள் நாற்றத்துக்கும் முகப் பருவுக்கும் பூசுகிறார்கள். காரம், வேண்டாம்.
- தயிர்: பிஎச் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பூசிக் கழுவலாம். புண்ணின் மேல் கூடாது.
- பாசிப்பயறு மாவு: காரச் சோப்புக்கு நல்ல மாற்று. நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள், கரகரப்பு தோலைக் கீறும்.
- சீயக்காய்: சோப்பைப் போலக் காரம் கிடையாது. எண்ணெய்க் குளியலுக்கு அது போதும். கண்ணில் பட்டால் எரியும்.
- சுண்ணாம்பு, பற்பசை: கட்டிக்கும் தீக்காயத்துக்கும் வைப்பதை நிறுத்துங்கள்.

யாருக்கு எப்படி

பிறந்த குழந்தையின் தோல் பிஎச் 6-க்கு மேல் இருக்கும்; நாட்கள் போகப் போகத்தான் அமிலம் ஊறும். குழந்தையை ஒரு நாளாவது கழித்துக் குளிப்பாட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகும் கடலை மாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும். டயப்பரில் சிறுநீரும் மலமும் சேரும்போது அம்மோனியா உண்டாகி, பிஎச் ஏறி, தோலை அரிக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அடிக்கடி மாற்றுவதுதான் மருந்து. மாற்றும்போது வாசலின் பூசலாம்.

முதியவர்களின் தோலில் அமிலமும் எண்ணெயும் குறையும். தாத்தா, பாட்டியின் காலில் வெள்ளைச் செதிலும் இரவில் அரிப்பும் இருந்தால் முதலில் சோப்பை மாற்றுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மடிப்புகளில் பிஎச் உயர்ந்திருக்கும்; பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். விரல் இடுக்கைத் தினமும் துடைத்துக் காய வையுங்கள்.

கரப்பான் உள்ளவர்களுக்குச் சின்டெட் கட்டியும் தினசரி மாய்ஸ்சரைசரும் ஆடம்பரமல்ல, சிகிச்சையின் பகுதி. முகப்பரு உள்ள இளையவர்கள் நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் முகம் கழுவக் கூடாது. கழுவக் கழுவ பரு குறையும் என்பது தவறு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் கடையில் கேட்டு வாங்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரம் மாயம் போல ஆறும். பிறகு படர்தாமரை பரவும். முகம் மெலிந்து சிவந்து, பருவும் ரோமமும் எழும். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தச் சேதத்தைப் பிஎச் 5.5 பாட்டில் சரிசெய்யாது.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிப்பு, உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், ஆறாத வெடிப்பு, சீழ், காய்ச்சலோடு சிவந்து வீங்கும் கால் ஆகிய எதுவும் சோப்பு மாற்றித் தீரும் காரியமல்ல. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ராயபுரம் பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ போங்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் சோப்பு உறையையும் பூசிய கிரீம் டியூபையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. வீட்டில் இருக்கும் எல்லாச் சோப்புகளையும் மஞ்சள் சோதனையில் வையுங்கள்.
2. குழந்தை, முதியவர், கரப்பான் உள்ளவர் என்று யாராவது இருந்தால் அவர்களுக்கு மட்டும் சின்டெட் கட்டி வாங்குங்கள். மற்றவர்களுக்கு முதல் தரச் சோப்பு போதும்.
3. முழு உடம்புச் சோப்பை ஒரு வேளையாகக் குறையுங்கள்.
4. குளியலறையில் ஒரு தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் வையுங்கள்.
5. சீட்டில்லாமல் வாங்கிய கிரீம்களை இனிமேல் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். நீண்ட நாளாகப் பூசி வந்ததை நிறுத்துமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோலின் அமிலத்தை யாரும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. அதைத் தோலே செய்துகொள்ளும். அதற்குத் தேவையான சில மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுத்தால் போதும். முதலில் சோப்பைக் குறையுங்கள், பிறகு சோப்பை மாற்றுங்கள். மிச்சக் காசு இருந்தால் மாய்ஸ்சரைசர் வாங்குங்கள்.